அத்தி பிஸ்கட்டும் ஓர் ஊக்கும்

மதுரை ஞானஒளிவுபுரத்தில் தெரசா டீச்சர் வீட்டுக்கு யாரும் வழி கேட்பதில்லை. சனிக்கிழமை காலையில் அந்தத் தெருப்பக்கம் போனால் மூக்கே கொண்டுபோய் விட்டுவிடும். மைதாவும் வெண்ணெயும் சர்க்கரையும் வேகிற வாசனை, அதற்கு அடியில் அத்திப்பழம் கொதித்துச் சுண்டுகிற வாசனை. பக்கத்து வீட்டு ஒச்சம்மாள், "டீச்சரு வேலையை ஆரம்பிச்சிட்டாக, இனி எம் பிள்ளைக கஞ்சியைக் குடிச்ச மாதிரிதான்" என்று அலுத்துக்கொள்வாள். அலுத்துக்கொண்டே கிண்ணத்தையும் நீட்டுவாள்.

எழுமலையில் உபதேசியார் மகளாகப் பிறந்து, மதுரைக்கு வந்து கன்னியர் மடத்து போர்டிங்கில் வளர்ந்தவள் தெரசா. அங்கே சமையல்கட்டைப் பார்த்துக்கொண்ட வெள்ளைக்கார சிஸ்டர் ஒருத்தி கிறிஸ்துமஸுக்கு அத்திப்பழத்தை உள்ளே வைத்து நீள நீளமாக பிஸ்கட் சுடுவாள். பழத்தின் காம்பைக் கிள்ளுகிற வேலை போர்டிங் பிள்ளைகளுக்கு. மற்றப் பிள்ளைகள் காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டுப் பழத்தைத் தின்றார்கள். தெரசா தின்றாள், தின்றுகொண்டே பார்த்தும் வைத்துக்கொண்டாள். பிறகு அவளே டீச்சர் ஆனாள், தாலுகா ஆபீஸ் கிளார்க் கிருபாகரனுக்கு வாக்கப்பட்டாள், ஒரு மகனைப் பெற்றுப் பாளையங்கோட்டை ஹாஸ்டலில் சேர்த்தாள். மூடியில் கண்ணாடி பதித்த வட்ட அலுமினிய ஓவன் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, அன்று பார்த்து வைத்ததெல்லாம் கைக்கு வந்துவிட்டது.

கீழமாசி வீதி நாட்டு மருந்துக் கடையில் வளையமாகக் கோத்துத் தொங்கும் சீமை அத்தியை வாங்கி வந்து வெந்நீரில் ஊறப்போடுவாள். அம்மியில் வைத்து அரைத்து, சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் விட்டு, அல்வாப் பதத்துக்குக் கிளறுவாள். பட்டையாகத் தேய்த்த மாவின் நடுவில் அதை வரப்பு போல நீளமாக வைத்து, இரண்டு பக்கமும் மடித்து மூடி ஓவனில் வைப்பாள். வெந்ததும் சூட்டோடு சூடாகத் துண்டு போடுவாள். முதலில் முட்டை சேர்த்துத்தான் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். ஸ்யாமளா பழக்கமான பிறகு முட்டை போய்த் தயிர் வந்தது.

ஸ்யாமளா அதே பள்ளிக்கூடத்தில் அடுத்த வகுப்பு டீச்சர். கே.கே. நகர் ஐயர் வீட்டு மருமகள். அவள் மகள் பட்டுவும் அங்கேதான் பேபி கிளாஸில் இருந்தாள். மதியம் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பட்டு சாப்பாட்டு விஷயத்தில் பெரிய அழிச்சாட்டியம். எதைக் கொடுத்தாலும் கன்னத்தில் அடக்கிக்கொள்வாள், விழுங்கவும் மாட்டாள், துப்பவும் மாட்டாள். பெற்றவள் கெஞ்சிக் களைத்துப்போவாள். தெரசா ஊட்டினால் மட்டும் இறங்கும். அப்படித்தான் அத்தி பிஸ்கட்டும் இறங்கியது.

இது ஸ்யாமளாவின் மாமியார் ஜகதாம்பாளுக்குத் தெரியாது. அந்த அம்மாள் வெளி வீட்டில் பச்சைத்தண்ணீர் பல்லில் படவிடாதவள். கிறிஸ்தவ வேதக்காரி அடுப்பில் வெந்ததைப் பேத்தி தினமும் தின்கிறாள் என்று தெரிந்தால், அன்றோடு மருமகளை வேலையை விட்டு நிறுத்திவிடுவாள். "நீ சம்பாதிச்சுத்தான் இங்கே உலை வைக்கணுமா?" என்று ஏற்கெனவே இரண்டு தடவை கேட்டாகிவிட்டது.

எண்பத்து மூன்றாம் வருஷம் பட்டுவுக்கு நாலாவது பிறந்தநாள் வந்தது. சாயங்காலம் தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டு அத்தி பிஸ்கட் கொடுத்தே ஆகவேண்டும் என்று குழந்தை தரையில் விழுந்து புரண்டாள். ஸ்யாமளா வீட்டில் ஒரு கதை கட்டினாள்: டவுனில் நம்மவா ஒருத்தர் புதிதாக பேக்கரி போட்டிருக்கிறார், முட்டையே சேர்ப்பதில்லை.

"எதுக்குடி பொய்?" என்று கேட்டாள் தெரசா.

"பொய் இல்லைடி, சமாளிப்பு" என்றாள் ஸ்யாமளா.

தெரசாவுக்குப் பிடிக்கவில்லை. வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசிப் பழகியவள் அவள். இருந்தாலும் குழந்தைக்காகச் சனிக்கிழமை விடியலிலேயே அம்மிக்கு முன்னால் உட்கார்ந்தாள். மதியம் பஸ் ஸ்டாண்டில் வைத்து டின்னை ஸ்யாமளா கையில் கொடுத்துவிட்டு வந்தாள்.

மூன்று மணிக்குக் குளித்துவிட்டு, சேலை மடிப்பில் குத்துவதற்குத் தாலிச் சங்கிலியைத் தடவினாள். நம் ஊரில் கழுத்துச் சங்கிலியில் ஊக்குத் தொங்காத பெண்பிள்ளை உண்டா? அவசரத்துக்கு உதவட்டும் என்று கோத்து வைப்பதுதான். தெரசா கழுத்தில் எப்போதும் பெரியது ஒன்று, சின்னது இரண்டு. இப்போது பெரியதும் ஒரு சின்னதும்தான் விரலுக்கு அகப்பட்டன. காணாமல் போனது, தலைப்பக்கம் தளர்ந்து சரியாகப் பூட்டாத ஊக்கு. தூர எறியவேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

காலையில் இருந்ததா? இருந்தது. குனிந்து அரைக்கையில் சங்கிலி முன்னால் வந்து ஆடியது. அந்த ஊக்கு மணிக்கட்டில் சுருக்கென்று கீறியது. அத்தி அப்பிய கையாலேயே சங்கிலியை எடுத்து ரவிக்கைக்குள் போட்டாள். அதற்கப்புறம் ஒன்றும் நினைவில்லை.

சமையல்கட்டுக்கு ஓடினாள். குழவியைப் புரட்டினாள். அங்கணத்தில் தண்ணீர் போகும் துளையில் விரலை விட்டுத் துழாவினாள். குப்பைக்கூடையைக் கவிழ்த்தாள். வீட்டுக்கு என்று எடுத்து வைத்த ஓரத் துண்டுகளை எல்லாம் உதிர்த்துப் பார்த்தாள். ஊக்கு இல்லை. அத்தி விழுதைப் போலக் கள்ளத்தனமான பண்டம் உலகத்தில் கிடையாது. நிறமோ கருப்பு, தொட்டால் பிசுபிசுப்பு, உள்ளே முழுக்க நறநறவென்று விதை. சின்ன ஊக்கு ஒன்று அதற்குள் ஒளிந்திருந்தால் கண்ணுக்கும் தெரியாது, கத்திக்கும் அகப்படாது. பல்லில் பட்டால்கூட விதை என்றுதான் நினைக்கத் தோன்றும்.

பேப்பர் படித்துக்கொண்டிருந்த கிருபாகரன் சத்தம் கேட்டு எழுந்து வந்தார். விஷயத்தைக் கேட்டதும், "வேற எங்கயும் விழுந்திருக்கும். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயி வந்தேல்ல?" என்றார்.

"விழுந்திருக்கலாம்."

"அப்புறம் என்ன? நீ அங்க போயி நின்னா அந்த ஸ்யாமளாப் பிள்ளை வேலைக்கு உலை வச்ச மாதிரி ஆயிரும் தெரசா."

"விழாம இருந்திருந்தா? நாலு வயசுப் பிள்ளை தொண்டைங்க."

ஸ்யாமளா வீட்டில் போன் கிடையாது. "நீங்க இங்கனக்குள்ள இன்னொரு தடவை தேடிப் பாருங்க, நான் போறேன்" என்று சொல்லிவிட்டுத் தலையைக்கூட வாராமல் கிளம்பினாள்.

பஸ் சிம்மக்கல் வரைக்கும் ஒழுங்காகத்தான் போனது. அங்கே ஏதோ கட்சி ஊர்வலம். டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டு, இனி எனக்கென்ன என்பது போல பீடியைப் பற்ற வைத்தார். தெரசா இறங்கிவிட்டாள். கூட்டத்தை இடித்துக்கொண்டு யானைக்கல் போய், கல்பாலத்தில் இறங்கி நடந்தாள். நடையா அது, ஓட்டம். வைகையில் வாய்க்கால் அளவுதான் தண்ணீர். எதிரே வந்த யாரோ ஒரு பிள்ளையின் அப்பா, "என்ன டீச்சர், இம்புட்டு அவசரம்?" என்று கேட்டார். அவள் நிற்கவில்லை. மாதாவே, அது பஸ் ஸ்டாண்டில் விழுந்திருக்கட்டும், ரோட்டில் விழுந்திருக்கட்டும், என் காலிலேயே குத்தட்டும் என்று வாய் முணுமுணுத்துக்கொண்டே வந்தது.

கோரிப்பாளையத்தில் ஆட்டோவை மறித்தாள். "கே.கே. நகர்ணே. வெரசாப் போங்க, ஒரு பிள்ளை விஷயம்" என்றாள். ஆட்டோக்காரர் மறுபேச்சுப் பேசாமல் விரட்டினார்.

வழியெல்லாம் ஒரே யோசனை. ஸ்யாமளாவை மட்டும் வாசலுக்குக் கூப்பிட்டுக் காதோடு காதாகச் சொல்லிவிடலாம். அவள் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டுகளை உள்ளே எடுத்துப் போய்விடுவாள். மாமியாருக்கு மூச்சுக்கூடத் தெரிய வேண்டாம். பத்து வருஷமாகப் பிள்ளைகளை மேய்த்தவளுக்கு இது ஒரு காரியமா?

ஆட்டோ போய் நின்றபோது அந்த யோசனை தவிடுபொடியானது. முன் வராந்தாவில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் தட்டிலும் பிஸ்கட் இருந்தது. ஒரு பையன் வாயருகே கொண்டு போய்விட்டான்.

"தின்னாதீங்க! யாரும் வாயில வைக்காதீங்க!"

பள்ளிக்கூட மைதானத்தின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கிற குரல் அது. பையன் கையிலிருந்து பிஸ்கட் நழுவியது. உள்ளே இருந்து மடிசாரோடு ஜகதாம்பாள் வந்தாள், பின்னாலேயே ஸ்யாமளா.

"யாரும்மா நீ?" என்றாள் ஜகதாம்பாள்.

தெரசா ஸ்யாமளாவைப் பார்த்தாள். என் சிநேகிதி என்று அவள் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஸ்யாமளாவின் முகம் வெளுத்துப் போயிருந்தது.

"பேக்கரியிலேர்ந்து வந்திருக்காம்மா" என்றாள்.

தெரசாவுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. ஆனால் அதை நினைத்துப் புழுங்க அது நேரமில்லை. "ஆமாம்மா" என்றாள். "மாவுல ஊக்கு ஒண்ணு விழுந்திருக்குமோன்னு சந்தேகம். அம்புட்டையும் இப்படிக் குடுத்திருங்க."

"ஊக்கா! குழந்தைகள் திங்கறதுலயா? உங்க முதலாளிக்கு மூளை இருக்கா?" ஜகதாம்பாள் திட்டத் தொடங்கினாள். தெரசா வாசல்படியில் உட்கார்ந்து, தட்டில் இருந்ததையும் டின்னில் மிச்சம் இருந்ததையும் ஒவ்வொன்றாக உதிர்த்தாள். விதை, விழுது, விதை. கடைசித் துண்டையும் உதிர்த்துவிட்டாள். ஊக்கு இல்லை.

"இம்புட்டுதானா?"

"குழந்தைக்குத்தான் முதல்ல குடுத்தேன்..." என்று ஆரம்பித்த ஜகதாம்பாளின் பேச்சு பாதியில் நின்றது. "பட்டு எங்கே?"

பட்டு கூடத்தில் மேஜைக்கு அடியில் இருந்தாள். தட்டு காலியாக இருந்தது, ஒரு பக்கக் கன்னம் உப்பியிருந்தது. ஸ்யாமளா பாய்ந்து போய், "துப்புடி, துப்புடி கண்ணு" என்று உலுக்கினாள். குழந்தை உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். ஜகதாம்பாள் தாடையைப் பிடித்தாள். யாரோ, "மூக்கைப் பிடிங்கோ, வாயைத் திறப்பா" என்றார்கள்.

"மூக்கைப் பிடிக்காதீங்க! முழுங்கிரும்!" என்று வாசலிலிருந்தே கத்தினாள் தெரசா.

குழந்தையின் உதடு பிதுங்க ஆரம்பித்தது. இன்னும் ஒரு கணத்தில் வீறிட்டு அழுவாள், அழுதால் உள்ளே இழுத்துக்கொள்வாள். தெரசா செருப்பை உதறினாள். யாரும் உள்ளே வா என்று சொல்லவில்லை, அவள் காத்திருக்கவும் இல்லை. கூடத்துக்குள் போய் ஸ்யாமளாவை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு மேஜைக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். உள்ளங்கையைக் குழந்தையின் மோவாய்க்குக் கீழே ஏந்தினாள்.

"பட்டு, ரயிலு வந்து நிக்குது. கேட்டைத் திறப்பமா?"

தினமும் மதியம் விளையாடுகிற விளையாட்டு. குழந்தை அழுகையை மறந்து அவளையே பார்த்தாள். பிறகு ஒரு விரலை நீட்டி அசைத்தாள். கொடி காட்டவேண்டுமாம். தெரசா முந்தானையைப் பிடித்து மெதுவாக ஆட்டினாள். முகத்தில் சிரிப்பு மாறவில்லை.

பட்டு வாயைத் திறந்தாள். ஈரமான கருப்பு உருண்டை ஒன்று தெரசாவின் கையில் விழுந்தது. அவள் அதைக் கட்டைவிரலால் பரப்பினாள். விதைகளுக்கு நடுவே ஊக்கு மினுங்கியது. திறந்தே இருந்தது.

வாய்க்குள் விரலை விட்டு நாக்கு, கன்னம், அண்ணம் எல்லாம் தடவிப் பார்த்தாள். கீறல்கூட இல்லை.

"தெரசா மிஸ், இன்னொரு பிஸ்கட்டு" என்றாள் பட்டு, அவள் தோளில் சாய்ந்துகொண்டு.

ஜகதாம்பாள் ஊக்கைப் பார்த்தாள். தெரசாவின் சங்கிலியில் தொங்கிய மற்ற இரண்டு ஊக்குகளைப் பார்த்தாள். பிறகு மருமகளைப் பார்த்தாள்.

"பெத்தவ கேட்டு வாயைத் திறக்கலை, நான் கேட்டும் திறக்கலை. பேக்கரிக்காரிக்குத் திறக்கறதோ?"

ஸ்யாமளா தலையைக் குனிந்துகொண்டாள். ஜகதாம்பாள் தெரசா பக்கம் திரும்பினாள். "யாரும்மா நீ?"

இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். குழந்தை கடைக்கு வந்திருப்பாள், அங்கே பழக்கம் என்று சொன்னால் ஒருவேளை எடுபட்டிருக்கும். ஆனால் இத்தனை நேரம் தள்ளி வைத்திருந்த கோபம் இப்போதுதான் தெரசாவுக்குத் தலைக்கு ஏறியது. குழந்தை பிழைத்துவிட்டது, இனிமேல் கோபப்படலாம்.

"கேக்குறாகள்ல? நீயே சொல்லு ஸ்யாமளா" என்றாள்.

ஸ்யாமளா தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "இவ பேரு தெரசா. எங்க ஸ்கூல் டீச்சர். கடையெல்லாம் ஒண்ணும் இல்லை, அவதான் பண்ணினா. பட்டு தினமும் அவ கையாலதான் சாப்பிடறா." மூச்சை இழுத்துக்கொண்டு மிச்சத்தையும் சொன்னாள். "என் சிநேகிதிம்மா."

ஜகதாம்பாள் பேத்தியைத் தூக்கக் கை நீட்டினாள். பட்டு வரமாட்டேன் என்று தெரசாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்று, பிறகு இறங்கியது. வேலைக்கு இன்றோடு முழுக்கு என்று ஸ்யாமளாவின் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

ஜகதாம்பாள் தெரசாவைப் பார்க்காமல் மருமகளிடம் சொன்னாள். "உன் சிநேகிதிகிட்ட சொல்லு. இனிமே குழந்தைக்குப் பண்ணும்போது கழுத்துல இருக்கற ஊக்கையெல்லாம் கழட்டி வச்சுட்டுப் பண்ணச் சொல்லு."

தெரசா கைக்கு எட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். சரிங்கம்மா என்று சொல்ல வாயெடுத்தாள். மூன்று மணியிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, அந்த வீட்டுக் கூடத்தின் நடுவில் உட்கார்ந்து அவள் வாய்விட்டு அழுதாள்.