'அ' என்கிற பெண்ணிடம் கேட்டீர்களா?

அந்த ஆய்விதழ் மூன்று மாதத்துக்கு ஒருமுறை முந்நூற்றுப் பத்துப் பிரதி அச்சாகும். விஷயம், கல்வித் தத்துவம். முந்நூற்றுப் பத்தில் இருநூறு, நூலகங்களுக்குப் போய்ப் பிரிக்காத உறையோடு அலமாரியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். மிச்சத்தை வாங்குகிறவர்கள் அதில் எழுதுகிறவர்கள். அவர்கள் முதல் பக்கத்திலிருந்து படிக்கிறார்கள் என்று யாரும் தப்புக்கணக்குப் போட வேண்டாம். நேராகக் கடைசிப் பக்கத்துக்கு ஓடி, அடுத்தவன் கட்டுரையின் மேற்கோள் பட்டியலில் தன் பெயர் இருக்கிறதா என்று விரல் வைத்துத் தேடுவார்கள். இருந்தால் நல்ல இதழ். இல்லாவிட்டால், இதழின் தரம் முன்பு போல இல்லை.

எல்லா வரியையும் படிக்கிற ஒரே ஆள் மார்க்கர் அக்காதான். அவள் படிப்பு பத்தாம் வகுப்பில் பாதி.

அலுவலகம் என்பது ஒரு கல்லூரியின் வேதியியல் கூடத்துக்குப் பின்னால் இரண்டு அறை. அந்தப் பக்கம் யாராவது குழாயைத் திறந்தால் இந்தப் பக்கத்துச் சுவர் முனகும். முன்னறையில் இதழின் ஆசிரியர், ஓய்வுபெற்ற பேராசிரியர், கண்ணாடியைத் தேடிக்கொண்டிருப்பார். பின்னறையில் அக்காவும், பக்கம் கட்டுகிற லேஅவுட்காரரும்.

ஒரு கட்டுரை வந்தால் அதை இரண்டு அறிஞர்களுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பார்கள். எழுதியது யார் என்று அந்த மதிப்பீட்டாளர்களுக்குத் தெரியக் கூடாது. மதிப்பிட்டது யார் என்று எழுதியவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் பழைய பகையும் பழைய விருந்தும் தீர்ப்பில் கலந்துவிடும் அல்லவா. அதனால் கட்டுரையிலிருந்து பெயர், ஊர், மனைவிக்கு நன்றி, 'என் முந்தைய நூலில் நான் நிறுவியதுபோல' போன்ற பெருமைகள், எல்லாவற்றையும் அழித்துவிட்டு அனுப்புவது அக்காவின் வேலை. முன்பெல்லாம் கறுப்பு மார்க்கர் பேனாவால் தேய்ப்பாள். இப்போது கம்ப்யூட்டரில் ஒரு தட்டு. மார்க்கர் போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது.

இருபத்து மூன்று வருஷம் படித்ததில் தத்துவம் ஏறியதா என்று கேட்டால், இல்லை. அவளுக்குப் பிடித்தது உதாரணங்கள். தத்துவக்காரர்களால் நாலு பக்கத்துக்கு மேல் உதாரணம் இல்லாமல் மூச்சுவிட முடியாது. 'ஒரு சிறுவன் ஜன்னலை உடைக்கிறான், பழி வேறொருவன் மேல் விழுகிறது, ஆசிரியை பார்த்துவிட்டாள், சொல்ல வேண்டுமா?' என்று தொடங்குவார்கள். முடியும்போது ஆசிரியையின் கடமை பற்றி முப்பது வரி இருக்கும். பழி விழுந்த பையன் என்ன ஆனான் என்று ஒரு வரி இருக்காது. அக்கா அவனை வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுவாள். மனசுக்குள்தான்.

வீடு என்றால் மாடியில் ஓர் அறை. இரண்டு நாற்காலி, ஒன்றில் அவள், இன்னொன்றில் மடித்த துணி. அம்மா போய்ப் பதினோரு வருஷம். கல்யாணப் பேச்சு அதற்கெல்லாம் முன்பே தேய்ந்து நின்றுவிட்டது. சாப்பிடும்போது ரேடியோ பேசும். செய்தி வாசிக்கிறவர் தும்மலை அடக்குவது தெரிந்தால் 'தும்மிடுங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க' என்பாள். அன்றைக்கு அவள் வேறொருவரிடம் பேசிய ஒரே முழு வாக்கியம் அதுவாக இருந்த நாட்களும் உண்டு.

லேஅவுட்காரருக்கு இந்த உதாரணப் பைத்தியம் தெரியும்.

"என்னக்கா, இன்னிக்கு யாரு விருந்தாளி?"

"காது சரியா கேக்காத ஒரு பொண்ணு. வாத்தியார் முதுகைத் திருப்பிக்கிட்டே பாடம் நடத்தறாராம்."

"தத்துவம் என்ன சொல்லுது?"

"வாத்தியார் மேல தப்பில்லைன்னு பதினாறு பக்கம் சொல்லுது."

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில்தான் அந்தக் கட்டுரை வந்து விழுந்தது.

பெயர்ப் பக்கத்தை அழிக்கத் திறந்தவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். எழுதியது அவள் தம்பி. நாலு மணி நேர ரயில் தூரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் போன் செய்வான். அக்கா 'ஏதோ காலேஜ் ஆபீசில்' வேலை பார்ப்பது அவனுக்குத் தெரியும். எந்த ஆபீஸ் என்று கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. இதழிலிருந்து போகிற கடிதம் எல்லாம் ஆசிரியர் கையெழுத்தில்தான் போகும். ஆக, கட்டுரை அக்கா மேஜைக்கு வருகிறது என்று அவனுக்குத் தெரிய வழியில்லை.

முதலில் பெருமையாகத்தான் இருந்தது. அவன் பெயரை அழிக்கிறபோது ஓர் எழுத்துக்கு ஒரு நிமிஷம் எடுத்துக்கொண்டாள். பிறகு வழக்கம்போல உதாரணம் எங்கே என்று பார்த்துக்கொண்டு போனாள். பதினோராம் பக்கத்தில் இருந்தது.

'அ என்ற பெண்ணைக் கருதுவோம். அவளுக்கு வயது பதினைந்து. தாய் நோயாளி. தம்பி ஆ படிக்க வேண்டும். அ பள்ளியை விட்டு நிற்கிறாள். தன் ஜியோமெட்ரி பாக்ஸைத் தானே எடுத்துத் தம்பியிடம் மகிழ்ச்சியோடு கொடுக்கிறாள். இவ்வாறு மகிழ்ச்சியோடு கொடுக்கப்பட்டது பரிசு. பரிசு பெற்றவன் கடனாளி அல்லன். எனவே ஆ தன் கல்விக்காக அ-வுக்கு எதுவும் கடன்பட்டிருக்கவில்லை.'

சுவர் முனகியது. லேஅவுட்காரர் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

அந்த பாக்ஸை அவள் கொடுக்கவில்லை. அலமாரிக்கு மேலே, பழைய போர்வைக்குள் சுருட்டி ஒளித்து வைத்திருந்தாள். அம்மாவுக்குக் கொஞ்சம் தேறினால் திரும்பப் போகலாம் என்று ஒரு நப்பாசை. பத்து வயசுத் தம்பி ஸ்டூல் போட்டு ஏறி எடுத்துக்கொண்டான். மூன்று நாள் அவள் யாரோடும் பேசவில்லை. வீட்டில் வேலை அதிகமாக இருந்ததால் யாரும் அதைக் கவனிக்கவும் இல்லை.

அவன் கடன்பட்டானா இல்லையா என்பதெல்லாம் அவளுக்குப் பெரிதில்லை. அதை அவன் பதினாறு பக்கம் பேசட்டும், அறுபது பக்கம் பேசட்டும். அந்த 'மகிழ்ச்சியோடு' மட்டும் தொண்டையில் நின்றுவிட்டது. அது அப்படியே அச்சாகி இருநூறு நூலகத்தில் போய் உட்கார்ந்துவிட்டால், அப்புறம் அதுதான் நடந்தது என்று ஆகிவிடும்.

முதல் மதிப்பீட்டாளர் பத்தே நாளில் பதில் போட்டார்: 'அழகான உதாரணம், அப்படியே வெளியிடலாம்.' இரண்டாமவர் மூச்சுவிடவில்லை. ஒரு மாதம் கழித்து அன்பாக நினைவூட்டினார்கள். இரண்டு மாதம் கழித்து அன்பில்லாமல். நாலாவது மாதம் ஆசிரியர் பின்னறை வாசலுக்கு வந்தார்.

"என்னம்மா, அந்த ரெண்டாவது ஆள் உயிரோடதான் இருக்காரா?"

"போன வாரம் ஏதோ கூட்டத்துக்குத் தலைமை தாங்கினாராம் சார். பேப்பர்ல படம் போட்டிருந்தாங்க."

"அதுக்கெல்லாம் நேரம் இருக்கு. விடு. பட்டியல்ல இருந்து வேற யாரையாவது பிடிச்சு வாங்கு. இதழ் நிக்குது."

பட்டியலில் எழுபது பேர் இருந்தார்கள். அக்கா ஒருவருக்கும் எழுதவில்லை. மறுநாள் மத்தியானம் லேஅவுட்காரர் டீக்குப் போனதும் மதிப்பீட்டுப் படிவத்தைத் திறந்தாள். இருபத்து மூன்று வருஷத்தில் ஒரு முற்றுப்புள்ளியைக்கூடத் தன் இஷ்டத்துக்கு மாற்றாதவள். புதுமை என்ற கட்டத்தைத் தொடவில்லை. மேற்கோள்கள் என்ற கட்டத்தையும் தொடவில்லை. வாதம் என்ற கட்டத்தில் எழுதினாள்:

'அ மகிழ்ச்சியோடு கொடுத்தாள் என்று கட்டுரையாளருக்கு எப்படித் தெரியும்? அவளிடம் கேட்டாரா? அவள் கொடுக்கவில்லை, தம்பியே எடுத்துக்கொண்டான், அவள் மூன்று நாள் பேசவில்லை என்று வைத்துக்கொண்டால் இந்தக் கட்டுரை நிற்குமா?'

கீழே 'சிறு திருத்தங்களுடன் ஏற்கலாம்' என்பதில் ஒரு டிக். தம்பியின் கட்டுரையைத் திருப்பி அனுப்ப மனசு வரவில்லை.

ஆசிரியர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு படித்தார்.

"யாரும்மா இது? மூணு வரியில அடி மடியிலயே கை வெச்சிட்டாங்க. எந்தப் பல்கலைக்கழகம்?"

"புது ஆள் சார்."

"நிறைய படிச்சவங்களா இருக்கணும்."

"அப்படித் தெரியல சார்," என்றாள் அக்கா. அது பொய்யில்லை.

அந்த மூன்று வரி தம்பிக்குப் போனது. அக்கா காத்திருந்தாள். காத்திருப்பதற்கு ஒரு விஷயம் இருந்தால் மாடிப்படி ஏறுவதுகூட லேசாகிவிடுகிறது. துணி அடுக்கிய நாற்காலியைக் காலி செய்து துடைத்தாள், ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. போன் அடிக்கும் என்று நினைத்தாள். 'அக்கா, அந்த பாக்ஸ் நீயா குடுத்தே?' என்று அவன் கேட்பதுபோல ஒத்திகை பார்த்தாள். அவன் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பதைத் தயாராக வைத்துக்கொள்ளவில்லை. கேட்டால் போதும் என்றிருந்தது.

முதல் ஞாயிறு போன் வந்தது. அவன் மகளின் பரீட்சையைப் பற்றிப் பேசினான். அக்காவின் முழங்காலைப் பற்றி விசாரித்தான். வைத்துவிட்டான்.

மூன்றாவது வாரம் திருத்திய கட்டுரை வந்தது, கூடவே பதில் குறிப்பு. 'இரண்டாம் மதிப்பீட்டாளரின் கூர்மையான வினாவுக்கு நன்றி. அ ஒரு கற்பனைப் பாத்திரம் என்பதால் அவளிடம் கேட்கும் தேவை எழவில்லை. எனினும் தெளிவு கருதி ஒரு திருத்தம் செய்துள்ளேன்.' பதினோராம் பக்கம் இப்போது இப்படி இருந்தது: 'எவ்வித வற்புறுத்தலும் இன்றி, முழு மகிழ்ச்சியோடு கொடுக்கிறாள்.'

"கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டாரு. போட்டுடலாம்," என்றார் ஆசிரியர்.

"அந்த மதிப்பீட்டாளருக்குத் திருப்தியான்னு கேக்க வேண்டாமா சார்?"

"கேட்டா இன்னொரு நாலு மாசம் ஆகும். கேக்க வேண்டாம்."

இதழ் அச்சாகி வந்தது. கட்டுரையாளருக்கு இரண்டு பிரதி இலவசம். அக்கா தம்பிக்கான இரண்டையும் பழுப்புத் தாளில் சுற்றி, ஒட்டி, விலாசம் எழுதி, தானே தபாலில் சேர்த்தாள்.

அடுத்த மாதத்தின் முதல் ஞாயிறு அவன் குரலில் இனிப்பு ஒட்டியிருந்தது.

"அக்கா, ஒரு பெரிய பத்திரிகையில என் கட்டுரை வந்திருக்கு. நடுவுல எவனோ ஒருத்தன் இழுத்தடிச்சிட்டான். அநாமதேயம். யாருன்னே கண்டுபிடிக்க முடியாது."

"என்னடா பண்ணினான்?"

"ஒரு உதாரணம் போட்டிருந்தேன். அந்தப் பொண்ணைக் கேட்டீங்களாங்கறான். இல்லாத ஆளைப் போய் எப்படிக்கா கேக்கறது? படிச்சவன் கேக்கற கேள்வியா இது?"

"இல்லாத ஆளா?"

"உதாரணம்க்கா. ஆளே கிடையாது."

"ஜியோமெட்ரி பாக்ஸ்?"

"அது நானா சேர்த்தது. ஒரு பொருள் இருந்தாத்தான் உதாரணம்..." பேச்சு நின்றது. "பாக்ஸ் விஷயம் உனக்கு எப்படித் தெரியும்?"

"படிச்சேன்."

"அது எங்க உன் கைக்குக் கிடைச்சுது?"

"இங்கதான்டா ஆபீஸ்ல. வர்றதையெல்லாம் முதல்ல படிக்கறது நான்தான்."

அக்கா அவசரப்படுத்தவில்லை. நாற்பது வருஷத்துக்கு முன்னால் போட்ட ஸ்டூலிலிருந்து ஒருவன் இறங்கி வர நேரம் ஆகத்தானே செய்யும். கடைசியில் அவன் கேட்டபோது குரல் பேராசிரியருடையதாக இல்லை.

"நீ சந்தோஷமாத்தானேக்கா குடுத்தே?"

"இல்லடா," என்றாள் அக்கா. "நான் குடுக்கவே இல்ல."

சொல்லிவிட்டாள். இத்தனை வருஷமாக இதைச் சொல்லிவிட்டால் ஏதோ இறங்கும் என்று இருந்தது. இறங்கவில்லை, அதுபாட்டுக்கு அங்கேயே இருந்தது.

"கட்டுரை அச்சாயிடுச்சேக்கா," என்றான் தம்பி.

"ஆயிடுச்சு. பார்சல் கட்டினதே நான்தான்."

அவன் போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. அவன் வீட்டில் யாரோ பாத்திரத்தை நகர்த்தினார்கள், ஒரு கதவு சாத்திக்கொண்டது. அதையெல்லாம் அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள்.