இருவருக்கும் எழுதிய மாத்திரை

அந்த மகப்பேறு மருத்துவமனையில், மாடிப்படிக்குக் கீழே ஒண்டிக்கொண்டிருந்த பரிசோதனைக்கூடத்தில் பதினோரு வருடமாக அவள் வேலை பார்த்தாள். எல்லோருக்கும் அவள் 'லேப் அக்கா'. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவள் என்று டாக்டரம்மாவே சொல்வார்.

வெள்ளைப்படுதல் என்று வரும் பெண்களின் கசிவைத் தடவிய கண்ணாடிச் சிலைடுகளை ஆயா மேல்மாடியில் சேர்த்துவைத்து, தட்டு நிறைந்த பிறகுதான் கொண்டுவருவாள். அதற்குள் ஆறிப்போயிருக்கும். 'சீழ் அணுக்கள் உள்ளன' என்று லேப் அக்கா எழுதி அனுப்புவாள். எல்லோருக்கும் பூஞ்சைக்கான மாத்திரையே எழுதப்படும். இதே தொந்தரவோடு இருந்த லேப் அக்காவுக்கும் இரண்டு வருடமாக அதேதான். பத்து நாள் அடங்கும். பிறகு பழைய குருடி கதவைத் திறடி. அரிப்பு, பச்சையும் மஞ்சளுமாகக் கசிவு, வாடை. பஸ்ஸில் பக்கத்தில் யாராவது உட்கார்ந்தால் எழுந்து நின்றுகொள்வாள்.

ஒரு மதியம் கதவைச் சாத்திக்கொண்டு, தன்னிடமிருந்தே பஞ்சுக்குச்சியில் எடுத்து, ஒரு சொட்டு உப்புநீரில் கலக்கி, சூடு ஆறுமுன் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள்.

ஏதோ ஒன்று துடித்தது. பேரிக்காய் போன்ற உடம்பு, நுனியில் சாட்டை போல வால்கள். பக்கத்திலேயே இன்னொன்று. டிரைக்கோமோனாஸ். உடலுறவில் தொற்றுவது. ஆறிவிட்டால் அசையாது, சீழ் அணுவோடு அணுவாகக் கிடக்கும் என்று படித்தவள்தான். பதினோரு வருடமாக ஆறிப்போன சிலைடுகளைப் பார்த்தே எழுதி அனுப்பியிருக்கிறாள்.

டாக்டரம்மா வந்து பார்த்தார். "யாரோடது?"

"என்னோடது மேடம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டு பேருக்கும் எழுதித் தர்றேன். அவர் சாப்பிடலன்னா நீ சாப்பிட்டும் வீண்."

"அவருக்கு ஒரு தொந்தரவும் இல்லையே?"

"ஆம்பளைங்களுக்கு வெளிய தெரியறது குறைவும்மா."

கணவன் லிப்ட் மெக்கானிக். சாப்பாட்டு மேஜையில் மாத்திரையை வைத்து, மூன்று நாளாகப் பழகிய வாக்கியத்தைச் சொன்னாள்: "எங்கிருந்து வந்துச்சுன்னு நான் கேக்கல. சாப்பிட்டா போதும்."

"ஊர்ப்பட்ட அசிங்கத்தைத் தொடுறவ நீ. கொண்டுவந்து ஒட்டிட்டு எனக்கு மாத்திரையா?"

"கையில தொட்டா இது வராதுங்க."

"பெரிய டாக்டரு!" மாத்திரை அட்டை சன்னல் வழியே போயிற்று.

அம்மாவிடம் போனில் சொல்லி அழுதாள். "ஊரைக் கூட்டாதடி. உன் தங்கச்சிக்கு இன்னும் கல்யாணம் ஆகல," என்றாள் அம்மா.

அவள் மட்டும் ஏழு நாள் விழுங்கினாள். வாயெல்லாம் இரும்புக் கசப்பு. குணமானது. மூன்று வாரம் தனியாகப் படுத்தாள். நான்காவது வாரம் அவன் விடவில்லை. அடுத்த மாதம் மைக்ராஸ்கோப்பில் மறுபடியும் அது துடித்தது. ஒருநாள் புதிதாக வாங்கிய இரண்டு மாத்திரையைப் பொடித்து அவன் குழம்புக் கிண்ணத்தின் மேல் பிடித்தாள். தெரியாமல் ஒருவருக்கு மருந்து கொடுக்கக் கூடாது. பொடியைக் கழுவுதொட்டியில் கொட்டித் தண்ணீர் விட்டாள்.

அதன்பிறகு வேலையிலாவது ஒழுங்காக இருப்போம் என்று, தானே படியேறிப் போய்ச் சூடு ஆறுமுன் சிலைடுகளை வாங்கிவந்தாள். நான்கு மாதத்தில் இருபத்திமூன்று பெண்களுக்குக் கண்டுபிடித்தாள். எல்லோரிடமும் வீட்டுக்காரரை அழைத்துவரச் சொன்னாள். வந்தவர்கள் இரண்டு பேர்.

அந்தப் பெண்களில் கல்யாணமாகி ஐந்து மாதமே ஆன ஒருத்தி கேட்டாள்: "உங்க வீட்டுக்காரர்னா இதைச் சாப்பிடுவாராக்கா?"

"சாப்பிடுவாரும்மா. பக்குவமா சொன்னா கேப்பாங்க."

இரண்டு வாரம் கழித்து அந்தப் பெண்ணின் தாய் வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"எவன்கிட்ட இந்த நோயை வாங்கிட்டு வந்தேடின்னு கேட்டு, எங்க வீட்டுலயே கொண்டுவந்து விட்டுட்டாங்க. பக்குவமாத்தான் சொன்னாளாம். அந்த நோட்டுல அவ பேரு இருக்கே, அதையாவது அடிச்சுடுங்க தாயி."

பதிவேட்டில் எதையும் அடிக்கக் கூடாது. ஆனாலும் லேப் அக்கா பேனாவை எடுத்து, பெயர் தெரியாமல் போகும்வரை அடித்தாள். அந்த அம்மாள் குனிந்து, சரியாக அழிந்ததா என்று பார்த்துவிட்டுப் போனாள்.