மாமா தேர்ந்தெடுத்த மண்

வெள்ளானூர்ப் பக்கத்தில் மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பிய முதல் குடும்பம் எங்களுடையது என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு. அந்தப் பெருமைக்குள் ஒரு சின்னத் திருத்தமும் உண்டு. முதல்முறை அனுப்பியது எங்கள் மண்தான்; ஆனால் எங்கள் பயிர் நின்ற மண் அல்ல.

எண்பதுகளின் கடைசி. நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். அப்பா ஆவடியில் தொழிற்சாலை வேலைக்கு சைக்கிளில் போய் வருவார். ஏரிக்குக் கீழே எங்களுக்கு ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவாகக் கழனி இருந்தது. அப்பாவின் சம்பளம் வரத் தொடங்கிய பிறகு வாங்கியது. அதற்கு முன் அதே கழனியில் எங்கள் குடும்பம் கூலிக்கு நாற்று நட்டது, களை பறித்தது, அறுத்தது, அடித்தது. விற்றவர் ஊரின் மாடி வீட்டுக்காரர். நல்லது என்று அவருக்குப் பட்ட பக்கத்துத் துண்டைத் தனக்கு வைத்துக்கொண்டு இதைக் கொடுத்தார். பத்திரம் முடிந்த அன்றே, விளையாத மண்ணை ஒருவழியாகத் தள்ளிவிட்டேன் என்று டீக்கடையில் சொன்னதாக எங்களுக்குத் தகவல் வந்து சேர்ந்தது.

மண்ணும் அவர் பேச்சைக் கேட்டதுபோலத்தான் நடந்துகொண்டது. நட்ட சில வாரத்தில் இலைகளில் துருப்பிடித்த மாதிரி பழுப்புப் புள்ளிகள் வரும். கதிர் வந்தால் பாதி கருக்காய். தொட்டால் உமி இருக்கும், உள்ளே அரிசி இருக்காது. ஒவ்வொரு முறையும் அப்பா இன்னும் கொஞ்சம் உப்பு போட்டார். எங்கள் ஊரில் யூரியாவை உப்பு என்றுதான் சொல்வோம். பயிர் சில நாள் பச்சை பிடிக்கும், பிறகு பழைய கதைக்குத் திரும்பும்.

அந்த வருடம் கோடையில் நவரைப் பருவத்து அறுப்பும் அப்படியே போனதும் அப்பா தன் முடிவைச் சொன்னார். வரும் சம்பாவும் கைவிட்டால், மனை போடுகிறவரிடம் கழனியைக் கொடுத்துவிடலாம். சாலையோரக் கழனிகளில் ஏற்கெனவே வெள்ளையடித்த கற்கள் முளைத்திருந்தன. அப்பா கோபத்தில் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னார். அதனால் அம்மாவால் சண்டையும் போட முடியவில்லை. மறுநாள் விவசாய ஆபீசுக்கு நடந்தே போய்விட்டாள்.

ஆபீசிலிருந்து மொபெட்டில் ஒரு பெண் அலுவலர் வந்தார். புடவை கட்டி மொபெட் ஓட்டும் ஒருவரை நான் அதுவரை பார்த்ததில்லை. அவர் சொன்னதையெல்லாம் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கழனியில் பரவலாகப் பல இடங்களில் மண் எடுக்க வேண்டும். மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, மண்வெட்டியால் ஆப்பு வடிவில் குழி வெட்டி, குழியின் பக்கச் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் சுரண்ட வேண்டும். எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கைத் தள்ளி, மிஞ்சியதை மறுபடி கலந்து, கடைசியில் ஒரு சின்னத் துணிப்பை அளவு அனுப்ப வேண்டும். பிறகு எடுக்கக் கூடாத இடங்களையும் சொன்னார்: வரப்போரம், வாய்க்கால் ஓரம், மரத்தடி, எருக்குழிப் பக்கம்.

அம்மாவின் தம்பி, என் மாமா, பட்டாபிராமில் சைக்கிள் கடையில் வேலை பார்த்துக்கொண்டு எங்களோடுதான் இருந்தார். அம்மாவுக்கு அந்த வாரம் வேறொருவர் கழனியில் அறுப்பு. மண் எடுக்கும் பொறுப்பை மாமா தானே கேட்டு வாங்கிக்கொண்டார். துணிப்பையோடு நான் பின்னால் போனேன். மாமா நேராகக் கழனி மூலையில் இருந்த எருக்குழிக்குப் போனார். அடுத்தது வேப்பமரத்தடி. அடுத்தது வாய்க்கால் ஓரம். அந்த ஆபீஸ் அம்மா வேண்டாம் என்று சொன்ன இடங்களாயிற்றே என்று கேட்டேன்.

"அதான் கண்ணு, நல்ல மண்ணு எங்கெங்க கீதுன்னு அந்தம்மாவே சொல்ட்டு போயிடுச்சே" என்றார்.

பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் கிழிந்த பாயையா விரிப்போம் என்றும் கேட்டார். எனக்கு அது முழுக்க நியாயமாகப் பட்டது. மாமா எடுத்த மண் கறுப்பாக, பொலபொலவென்று, மழை வாசனையோடு இருந்தது. இவ்வளவு அழகான மண் எங்களிடம் இருந்தது எனக்கே அன்றுதான் தெரியும்.

பள்ளி திறந்த சமயத்தில் முடிவு வந்தது. வீட்டில் அச்செழுத்தைத் தடங்கலில்லாமல் வாசிக்கிறவள் நான்தான். தழைச்சத்து அதிகம், மணிச்சத்து அதிகம், சாம்பல்சத்து அதிகம் என்று படித்தேன். உரமே பெரிதாக வேண்டியதில்லை என்கிற மாதிரி கீழே எழுதியிருந்தது. மாமா என்னைத் தூக்கிச் சுற்றினார். அப்பா சட்டை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனார். ஊரில் எவர் மண்ணுக்கும் கிடைக்காத மார்க் எங்கள் மண்ணுக்குக் கிடைத்திருந்தது.

அப்பா திரும்பி வந்தபோது முகம் வேறாக இருந்தது. டீக்கடையில் மாடி வீட்டுக்காரரும் இருந்திருக்கிறார். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, டம்ளரை வைத்துவிட்டுப் பேசினாராம்.

"மண்ணு தங்கம்னு கவர்மெண்டே சொல்ட்சி. அப்ப வெளையாததுக்கு இன்னா காரணம்? உங்களுக்குக் கூலிக்குச் செய்யத்தான் தெரியும்பா, சொந்தமா செய்யத் தெரியல."

டீக்கடை முழுக்கச் சிரித்திருக்கிறது. பதில் சொல்லவிடாமல் அப்பாவின் வாயை அடைத்ததே நாங்கள் வாங்கிய மார்க்தான்.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள்; அவளுக்கு அதில் எண்கள் மட்டும்தான் புரியும். பிறகு மாமாவைப் பார்த்தாள். மண்ணை எங்கே எடுத்தாய் என்று ஒரே ஒருமுறைதான் கேட்டாள். மாமா என்னைப் பார்த்தார். நான், மாமாவுக்கு நல்ல பெயர் வாங்கித் தரும் ஆசையில், எல்லா இடங்களையும் வரிசையாகச் சொன்னேன்.

"ஜுரம்னு ஆஸ்பத்திரிக்குப் போனா, பக்கத்துல குந்திகினு கீறவன் கையையாடா நீட்டுவ?" என்றாள் அம்மா.

"அதுக்கில்லக்கா. மட்டமான மண்ணுன்னு அவங்களே எழுதிக் குட்தா, அந்தாளு அன்னிக்கி வித்துட்டு சொன்னது நெசம்னு ஆயிடாதா? நம்ம மண்ணக்கா" என்றார் மாமா.

அம்மா மாமாவைத் திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"நெசம்னா நெசமா இருக்கட்டும்டா. அதுக்கு இன்னா இல்லன்னு தெரிஞ்சாத்தானே நான் அதுக்குப் போட முடியும்" என்றாள்.

இரண்டாம் முறை அம்மாவே மண்வெட்டி எடுத்தாள். எல்லோரும் கழனிக்குப் போகும் காலை நேரத்தில், நட்டநடுவில் நின்று வெட்டினாள். பயிர் நன்றாக வந்த இடம், சுமாராக வந்த இடம், புள்ளி விழுந்த இடம் என்று ஒன்றையும் விடவில்லை. மாடி வீட்டுக்காரர் வரப்பில் நின்று, மறுபடியும் என்ன என்று விசாரித்தார். போன தடவை மண் தப்பாக எடுத்துவிட்டோம் என்று அம்மா தலை நிமிராமல் சொன்னாள். மாமா அன்று கழனிப் பக்கமே வரவில்லை.

இந்த முடிவைப் படிக்கும்போது என் குரல் தானாகவே இறங்கியது. தழைச்சத்து குறைவு. மணிச்சத்து போதும். சாம்பல்சத்து குறைவு. துத்தநாகம் மிகக் குறைவு. மக்கிய இலைதழைச் சத்து இல்லவே இல்லை என்கிற நிலை. தோற்றுப்போன பிள்ளையின் மார்க்கைப் படிக்கிற மாதிரி இருந்தது. அம்மா என்னை சத்தமாகப் படிக்கச் சொன்னாள். படித்ததும் இன்னொருமுறை படிக்கச் சொன்னாள்.

இப்போது நான் அம்பத்தூரில் ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். மாதிரி தவறாக எடுத்தால் அதன்மேல் செய்கிற எந்தச் சோதனைக்கும் அர்த்தம் இல்லை என்பது அங்கே முதல் பாடம். எனக்கு அது புதிதாக இல்லை. மண் எதைக் கேட்கிறதோ அதைக் கொடுக்காமல், கைக்குக் கிடைத்த ஒன்றையே திரும்பத் திரும்பக் கொட்டினால் என்ன ஆகும் என்பதும்.

அந்த வருடம் முதல் மழையில் அம்மா கழனி முழுக்க, உரத்துக்காகவே வளர்க்கும் தக்கைப்பூண்டு விதைத்தாள். இடுப்பளவு வளர்ந்து பூக்கிற சமயத்தில் அதை அப்படியே சேற்றில் மடக்கி உழச் சொன்னாள். ஆசையாக வளர்த்து மிதிக்கிறாளே என்று ஊர் சிரித்தது. பட்டாபிராமில் எருமை வைத்திருந்தவர்களிடமிருந்து மாமா வண்டி வண்டியாக மக்கிய சாணம் கொண்டுவந்தார். பேச்சைக் குறைத்துக்கொண்டு வேலை செய்தார். நடவுக்குத் துத்தநாக உப்பை மணலில் கலந்து தூவினார்கள். சாம்பல்சத்துக்காக வாங்கிய சிவப்பு பொட்டாஷ் உரம் எனக்கு மிளகாய்த்தூள் போலத் தெரிந்தது. யூரியாவைப் பழையபடி ஒரே மூச்சில் கொட்டவில்லை. வேப்பம் புண்ணாக்குப் பொடியில் கலந்து, அளவாக, அம்மா மூன்று தடவையாகப் பிரித்துப் போட்டாள்.

இலையில் புள்ளி வரவில்லை. ஆனால் ஐப்பசியில் வேறு சோதனை வந்தது. பக்கத்தில் மாடி வீட்டுக்காரர் பயிர் கரும்பச்சையில் கொழுத்து நின்றது. எங்களுடையது வெளிர்பச்சையில், அதைவிடக் குள்ளமாக இருந்தது. போகிற வருகிறவர்கள் இரண்டையும் பார்த்துவிட்டு அப்பாவைப் பார்த்தார்கள். ஒருநாள் ஷிப்ட் முடிந்து அப்பா சைக்கிள் கேரியரில் ஒரு மூட்டை யூரியாவோடு வந்தார். பயிர் பசியோடு நிற்கிறது, நான் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது என்றார்.

அம்மா மூட்டையை இறக்கிச் சுவரோரம் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"அது பசியா இல்ல. அளவா துன்னுகினு நிக்குது" என்றாள். அன்று அரிசி களைந்ததும், எனக்குத் தலை பின்னியதும் அந்த மூட்டைமேல் உட்கார்ந்துதான். அப்பா மனை போடுகிறவர் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்த்தார். இந்த சம்பா வரைக்கும் என்று பேசியது, சம்பா இன்னும் களத்துக்கு வரவில்லை என்றாள் அம்மா.

கார்த்திகைக் கடைசியில் புயல் மழை. விடிந்து போய்ப் பார்த்தால், கரும்பச்சைப் பயிர் பாய் விரித்ததுபோலத் தண்ணீரில் படுத்திருந்தது. யூரியா மிஞ்சினால் தண்டு உயரமாக, மென்மையாக வளரும். சாம்பல்சத்து இருந்தால்தான் அதற்கு முதுகெலும்பு. அன்று எனக்கு அதெல்லாம் தெரியாது. எங்கள் பயிர் காற்றுக்குச் சாய்ந்து, மெல்ல மெல்ல நிமிர்ந்துகொண்டிருப்பதை மட்டும் பார்த்தேன். அப்பா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்றைய ஷிப்டுக்குத் தாமதமாகத்தான் போனார்.

தை மாதம் களத்தில் நெல் குவிந்தபோது எங்களிடம் சாக்கு போதவில்லை. போன அறுப்பின் நினைப்பில் அப்பா குறைவாக வாங்கி வைத்திருந்தார். மாமா பட்டாபிராம் கடைகளுக்கு ஓடினார். திரும்பி வரும் வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தி, எதற்கு இத்தனை சாக்கு என்று யாராவது கேட்கும்படி பார்த்துக்கொண்டார். மனை போடுகிறவர் ஸ்கூட்டரில் வந்தார். அப்பா அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, நெல்லைத் தவிர வேறு எதையும் பேசாமல் அனுப்பிவைத்தார்.

பிற்பாடு மாடி வீட்டுக்காரர் களத்துக்கு வந்தார். அவர் நெல் தண்ணீரில் கிடந்தே முளைத்துப் போயிருந்தது. குவியலில் கை விட்டு ஒரு பிடி எடுத்து, ஊதிப் பார்த்தார். கருக்காய் ஒன்றும் பறக்கவில்லை.

"நவரைக்கு நாத்து வுடணும்மா. வெதைக்குக் கொஞ்சம் நெல்லு குட்தீன்னா நல்லாருக்கும்" என்றார்.

கொடுக்கக் கூடாது என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். டீக்கடைக் கதையை அம்மா மறந்துவிட்டாளோ என்றும் நினைத்தேன். அம்மா நெல் அளக்கும் மரக்காலை எடுத்தாள். அவர் குனிந்து, சாக்கின் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். அம்மா அள்ளி அள்ளிக் கொட்டினாள். நெல் சாக்குக்கு வெளியிலும் சிதறியது. தட்டில் ஒரு பருக்கை மிஞ்சினால் திட்டுகிறவள் அவள்.

பல வருடம் அதே களத்தில் அவர் நின்று அளந்து போட, அம்மா முந்தானையை விரித்துக் கூலி நெல் வாங்கியிருக்கிறாள் என்பதை எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. அம்மாவுக்குச் சரியாக அளக்கத் தெரியவில்லை என்று எண்ணிக்கொண்டு, நான் குனிந்து, சிந்திய நெல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினேன்.