காலி ஆணியைத் தேடிப் போனவர்

செய்தி எனக்கு ஒரு வேலையாகத்தான் வந்தது. கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் நான் தட்டச்சு செய்யும் ஜெராக்ஸ் கடைக்கு அன்று காலை தாமு அங்கிள் வந்தார். கவுன்டரில் ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை வைத்தார். அவருடைய அக்கா கஸ்தூரி மேடத்தின் போட்டோ. பென்ஷன் விண்ணப்பத்துக்காக இருக்கும் என்று நினைத்து, வழக்கம்போல், "எத்தனை காப்பி அங்கிள்?" என்று கேட்டேன்.

அவர் போட்டோவை என் பக்கம் நகர்த்தினார். பிறகு, "கண்ணீர் அஞ்சலி போஸ்டர் போடணும்மா. விடியக்காலையில போயிட்டாங்க" என்றார்.

'எத்தனை காப்பி' என்று கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. உங்கள் லைன் சுவர்களில் ஒட்டியிருக்கும் போஸ்டர் நான் செய்ததுதான். பெயருக்குக் கீழே என்ன போடுவது என்று கேட்டேன். "ஆப்பிரிக்கா டீச்சர்னு போடு. அப்பதான் எல்லாருக்கும் தெரியும்" என்றார் அங்கிள்.

மேடத்துக்கான இந்த நினைவுக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். நாலு பேர் சேர்ந்து என்னைப் பார்த்தால் எனக்குக் குரல் வெளியே வராது. அதனால் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதை வாசிப்பவர் கொஞ்சம் நிதானமாக வாசிக்க வேண்டும்.

மேடத்தை என்னைவிட உங்களுக்குத்தான் அதிக நாள் தெரியும். அவர் நம் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்து, கணக்கு படித்து, ஜாம்பியாவில் செம்புச் சுரங்கம் இருக்கும் ஓர் ஊருக்கு டீச்சராகப் போனவர். பிறகு ஓர் உலக அமைப்பில் சேர்ந்து, முப்பது வருடம் மலாவி, தான்சானியா, எத்தியோப்பியா என்று நாடு நாடாகப் போய், அங்கே பள்ளிக்கூடங்கள் எப்படி நடக்க வேண்டும் என்று அரசாங்கங்களோடு உட்கார்ந்து திட்டம் போட்டவர். எனக்கு அவரைத் தெரிந்தது கடைசி ஒரு வருடம்தான். ஆனால் அந்த ஒரு வருடத்தில் அவர் கையால் எழுதிய அத்தனை பக்கங்களையும் நான் தட்டச்சு செய்தேன்.

முதல் நாள் துணிப்பை நிறைய நோட்டுப் புத்தகங்களோடு வந்தார். எங்கள் முதலாளி ஏகாம்பரம் அண்ணன் அவரை உட்கார வைத்துவிட்டு, சும்மா இருக்காமல், "மேடம், ஆப்பிரிக்கால சிங்கத்தப் பாத்துகீறீங்களா?" என்று கேட்டார்.

"பாத்துகீறேன். ஹெட்மாஸ்டருங்களுக்குத்தான் அதவிட பயந்தேன்" என்றார் மேடம்.

"அங்க பசங்களுக்கு இன்னா சொல்லிக் குடுத்தீங்க?"

"பசங்களுக்கு இல்லப்பா. மந்திரிங்களுக்கு. யாரு வரலன்னு எண்ணுறதுக்கு."

அண்ணன் சிரித்தார். நானும் மானிட்டருக்குப் பின்னால் சிரித்தேன். மேடம் என்னைப் பார்த்து, "ரிப்போர்ட் எல்லாம் இங்கிலீஷ்ல எழுதித் தீத்துட்டேன் கண்ணு. மிச்சம் இருக்கிறத நம்ம பாஷையில எழுதலாம்னு" என்றார். சென்னையில் ஒரு நண்பர் அதைப் புத்தகமாக அச்சிடுவதாகச் சொல்லியிருந்தார்.

அவர் எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்தது சோடா மூடிப் பலகையின் கதை. அவருடைய அப்பா சுரங்கத்தின் டோக்கன் ஆபீஸில் இருந்தவர். கீழே இறங்குகிற ஒவ்வொருவரும் தன் எண் போட்ட பித்தளை டோக்கனைப் பலகையிலிருந்து எடுத்துக்கொண்டு போவார். மேலே வந்ததும் அதே ஆணியில் மாட்டுவார். ஷிப்ட் முடிந்தும் ஓர் ஆணி காலியாக இருந்தால், ஓர் ஆள் இன்னும் கீழே இருக்கிறார் என்று பொருள். அந்த ஆணி நிறையும்வரை அவருடைய அப்பா வீட்டுக்கு வர மாட்டாராம்.

மேடம் அதை ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார். ஒரு கிராமத்துப் பள்ளியின் சுவரில் வரிசையாக ஆணி அடித்தார். சோடா பாட்டில் மூடிகளைத் தட்டையாக்கி, துளை போட்டு, ஒவ்வொரு பிள்ளையும் தன் மூடியில் தன் பெயரைப் பெயின்டால் எழுதிக்கொள்ளச் சொன்னார். காலையில் வந்ததும் பிள்ளை தன் மூடியைத் தானே மாட்ட வேண்டும். வீட்டுக்குப் போகும்போது எடுத்துக்கொண்டு போக வேண்டும். மூன்று நாள் ஓர் ஆணி காலியாக இருந்தால் ஆசிரியர் அந்த வீட்டுக்கு நடந்து போக வேண்டும். "திட்டுறதுக்குப் போகக் கூடாது. கேக்குறதுக்குப் போகணும்" என்பது மேடத்தின் விதி. முதல் வாரமே ஒரு சிறுமியின் ஆணி காலியானது. போய்க் கேட்டால், அம்மா ஆஸ்பத்திரியில் இருந்ததால் கைக்குழந்தைத் தம்பியை அவள்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "தம்பியையும் தூக்கிக்கொண்டு வா" என்றார்கள். தம்பிக்கும் ஒரு மூடி செய்து மாட்டினார்களாம்.

இதை நான் தட்டச்சு செய்தபோது மேடம் தன் பர்ஸிலிருந்து ஒரு மூடியை எடுத்துக் காட்டினார். துருப்பிடித்து, பெயின்ட் உதிர்ந்து, எழுத்து தெரியாமல் இருந்தது. "யாருது மேடம்?" என்று கேட்டேன். "தெரியல" என்று சொல்லி உடனே உள்ளே வைத்துவிட்டார்.

ஒரு நாள் கரண்ட் போய்விட்டது. ஏகாம்பரம் அண்ணன் டீ வாங்கப் போயிருந்தார். மேடம் கேட்டார்: "ரேவதி, நீ ஏன் ஸ்கூலுக்குப் போகல?"

அதுவரை எல்லோரும் என்னிடம் 'ஸ்கூலுக்குப் போ' என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். ஏன் போகவில்லை என்று யாரும் கேட்டதில்லை. அதனால் சொல்லிவிட்டேன். நான் படித்த தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகள் குறைந்து போனதால் எட்டாவதோடு அதை மூடி, தூரத்தில் இருந்த வேறொரு பள்ளியோடு சேர்த்துவிட்டார்கள். அங்கே எல்லாம் கன்னடத்தில். கன்னடம் எனக்குக் கடையில் பேச வரும், அறிவியல் எழுத வராது. பதினோரு நாள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பன்னிரண்டாம் நாள் போகவில்லை. யாரும் வரவில்லை. அம்மா போய்க் கேட்டபோது, இந்தப் பெயரே ரிஜிஸ்டரில் இல்லை என்றார்கள்.

மேடம் சுரங்கத்துக்காரர் மகளாகக் கணக்குப் போட்டார். "பழைய ஸ்கூல்ல கேட்டா, நீ போயிட்டே. புது ஸ்கூல்ல கேட்டா, நீ வரவே இல்ல. அப்போ நீ எங்கதான் கீறே?"

"இங்கதான் மேடம். ஜெராக்ஸ் கடையில."

அவர் சத்தமாகச் சிரித்தார். சிரித்து முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றும் அதற்குப் பிறகும் 'திரும்பப் படி' என்று அவர் எனக்குச் சொன்னதே இல்லை. "போன்னு சொல்றதுக்கு எல்லாருக்கும் வாய் கீது. ஏன்னு கேக்குறதுக்குத்தான் காது வேணும்" என்றார்.

இரண்டு வாரம் கழித்து மூடிப் பலகை அத்தியாயத்தின் முடிவு வந்தது. அந்த நாட்டின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. பலகை நன்றாக நடந்ததால் அரசாங்கம் எல்லாப் பள்ளிகளிலும் அதை வைக்க உத்தரவு போட்டது. நாலு வருடம் கழித்து மேடம் முதல் பள்ளியைப் பார்க்கப் போனார். 'எல்லா ஆணிகளிலும் மூடிகள் தொங்கின' என்று அத்தியாயம் முடிந்தது.

நான் பொதுவாக எதுவும் கேட்பதில்லை. வருவதை அப்படியே அடிப்பேன். அன்று என் பெயர் இல்லாத ரிஜிஸ்டர் ஞாபகம் வந்ததோ என்னவோ, கேட்டுவிட்டேன். "மேடம், எல்லா ஆணியிலயும் மூடி தொங்குச்சுன்னு போட்டுகீறீங்க. வராத பசங்களோட ஆணி இன்னா ஆச்சு?"

மேடம் என்னைப் பார்த்தார். "ப்ரின்ட் எடுக்காதே" என்றார். நோட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மூன்று வாரம் வரவில்லை. "இன்னா கேட்டே அவங்கள? வாயே தொறக்காத பொண்ணு ஒரு தடவ தொறந்து, இருந்த நல்ல கஸ்டமர ஓட்டிட்டே" என்றார் ஏகாம்பரம் அண்ணன். விளையாட்டுக்குத்தான் சொன்னார். ஆனாலும் நான் வீட்டுக்குப் போய் அழுதேன்.

நாலாவது வாரம் வந்தார். நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். அதில் இருந்ததை அவர் சொற்களிலேயே தருகிறேன்:

'சுவரில் சுண்ணாம்பு புதிதாக இருந்தது. விரலால் தடவிப் பார்த்தேன். ஆணி பிடுங்கிய குழிகள் தட்டுப்பட்டன. பத்தொன்பது. ஆணி காலியாக இருந்தால் மேலிடத்தில் திட்டு விழும் என்பதால், வராத பிள்ளைகளின் ஆணிகளையே எடுத்துவிட்டார்கள். தலைமை ஆசிரியர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையைத் துடைத்துக்கொண்டு, முழு வருகை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வெளியே வரும்போது மண்ணில் ஒரு மூடி கிடந்தது. எடுத்துக்கொண்டேன்.'

என் விரல் கீபோர்டில் நின்றுவிட்டது. மேடம் மெதுவாகச் சொன்னார்: "உண்மைய எழுதினா அந்த ஹெட்மாஸ்டருக்கு வேலை போயிடும், திட்டமே நின்னு போயிடும்னு எனக்கு நானே சொல்லிக்கினேன். அதெல்லாம் இருக்கட்டும். அந்தப் பத்தொம்பது வீட்டுக்கு நான் நடந்து போயிருக்கலாம் இல்ல? போகல."

நாலாவது பக்கத்தின் கடைசியில், 'இதை என்னிடம் கேட்ட முதல் ஆள்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கோடு மட்டும் போட்டிருந்தார். "உன் பேர நீயே போட்டுக்கோ" என்றார். "வேணாம் மேடம்" என்றேன். "அவசரம் இல்ல. எடம் அப்படியே இருக்கட்டும்" என்றார். நான் கோட்டை மட்டும் அடித்தேன்.

பெயர் போடாமலேயே இருந்தேன். அவர் போய்விட்டார்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு தாமு அங்கிள் கடைக்கு வந்தார். மறுநாள் எல்லாவற்றையும் சென்னைக்கு அனுப்ப வேண்டும். வீட்டில் இருந்த கையெழுத்துப் பிரதியைப் படித்திருக்கிறார். ஸ்டூலில் உட்கார்ந்து, "அந்த நாலு பக்கத்த எடுத்துடும்மா" என்றார்.

நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்தேன்.

"எங்கக்கா முப்பது வருஷம் உழைச்சது. நம்ம லைன்லயே படிப்பாங்க. கடைசியா இதத்தான் பேசுவாங்க. பதில் சொல்றதுக்கு அவங்களும் இல்ல."

அவர் சொன்னது தப்பு இல்லை. அக்கா மேல் இருக்கும் பாசத்தில் சொல்கிறார். நான் ஃபைலைத் திறந்தேன். அந்த நாலு பக்கத்தையும் செலக்ட் செய்தேன். திரை முழுக்க நீலமாக இருந்தது. ஒரு பட்டனை அழுத்தினால் போதும். அங்கிள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கிள்... எடுத்துடலாம். ஆனா இதுவும் ஆணியப் புடுங்குறதுதானே?"

எவ்வளவு மெதுவாகச் சொன்னேன் என்றால், "இன்னா?" என்று அவர் குனிந்து கேட்டார். இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாவது முறை சொல்வதுதான் அதிகக் கஷ்டம்.

அங்கிள் பஜார் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு சம்பந்தம் இல்லாததுபோல் ஆரம்பித்தார். "ஒரு தீபாவளிக்கு எங்கப்பா வீட்டுக்கே வரல. ஒரே ஒரு டோக்கன் மாட்டலியாம். எங்கம்மா திட்டிக்கினே இருந்தாங்க. மத்தியானம் அக்காதான் தூக்குல சோறு எடுத்துக்கினு ஆபீஸுக்குப் போச்சு."

"அந்த ஆள் வந்தாரா அங்கிள்?"

"வந்தாரு, வந்தாரு. வேலைய முடிச்சிட்டு கீழயே தூங்கிட்டாராம் அந்த மகராஜன்!"

இருவரும் சிரித்தோம். சிரிக்கும்போதே அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்படியே இருக்கட்டும், அனுப்பிடு" என்றார். எழுந்தவர் திரையைப் பார்த்து, "அந்தக் கோடு இன்னா? அதையும் நிரப்பிடு. காலியா வுட்டா எங்கக்கா வந்து கேக்கும்" என்றார்.

அவர் போன பிறகு அந்தக் கோட்டின் மேல் என் பெயரை அடித்தேன். ரேவதி. கே.ஜி.எஃப்.

மறுநாள் அங்கிள் மேடத்தின் பர்ஸில் இருந்த மூடியைக் கொண்டுவந்து கொடுத்தார். எந்தப் பிள்ளையுடையது என்று யாருக்கும் தெரியாத மூடி. கடையில் காலண்டர் மாட்டும் ஆணிக்குப் பக்கத்தில் இன்னோர் ஆணி அடித்தேன். காலையில் வந்ததும் மாட்டுவேன், சாயங்காலம் எடுத்துக்கொண்டு போவேன். "இன்னா ரேவதி, ஷிப்ட் ஏறிட்டியா?" என்று ஏகாம்பரம் அண்ணன் தினமும் கேலி செய்வார்.

போன வாரம் எனக்குக் காய்ச்சல். போனில் சார்ஜ் இல்லை, சொல்லவும் முடியவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. அம்மா திறந்தார். கடையைப் பூட்டிவிட்டு, எங்கள் லைனில் வீடு வீடாக விசாரித்து, வேர்த்து விறுவிறுத்து ஏகாம்பரம் அண்ணன் நின்றிருந்தார். கையில் ஒரு பிரெட் பாக்கெட். உள்ளே வரக் கூச்சப்பட்டு, வாசலிலேயே நின்று சொன்னார்:

"ஒண்ணும் இல்லம்மா. ரெண்டு நாளா ஆணி காலியா இருந்துச்சு. இன்னான்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

கஸ்தூரி மேடத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதைத்தான்.