ரோஜா வராது, ஞானசௌந்தரி வருவாள்

1. ஐம்பது காப்பி எடுத்த பொய்

திருத்துறைப்பூண்டியில் என் பேக்கரி மாடியில் 'நாற்பது நாளில் கேக் டெக்கரேஷன்' என்று போர்டு மாட்டி வகுப்பு நடத்திக்கொண்டிருந்த காலம் அது. ஆட்சி மாறி ஆறேழு மாதம் ஆகியிருந்தது. என் மேசை இழுப்பறையில் ஒரு சிபாரிசுக் கடிதம் இருந்தது. ஒரே தடவை டைப் அடித்து ஐம்பது காப்பி எடுத்து வைத்திருந்தேன். 'இவர் பட்டர் கிரீம், ஃபாண்டன்ட், மூன்றடுக்குக் கேக் ஆகிய அனைத்திலும் மிகச் சிறந்த தேர்ச்சி பெற்றவர்.' பெயருக்கு மட்டும் ஒரு கோடு. படித்து முடித்தவர் கேட்டால் கோட்டை நிரப்பிக் கையெழுத்துப் போடுவேன். படித்தாரா என்று நானே கேட்டுக்கொண்டதில்லை.

அதற்கான பலன் தஞ்சாவூரிலிருந்து போனில் வந்தது. அங்கே பெரிய பேக்கரி வைத்திருந்த பாய் ஒருவர் என்னிடம் ஆள் எடுப்பார். கூத்தாநல்லூர்க்காரர், துபாயில் பதினைந்து வருடம் ஓவன் முன்னால் நின்றவர். என் கடிதத்தோடு போன தம்பி, கல்யாணத்துக்கு மூன்றடுக்குக் கேக் செய்திருக்கிறான். ஒவ்வொரு அடுக்கின் தட்டுக்குக் கீழேயும் முட்டுக் குச்சி கொடுக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது. மேல் அடுக்கு வழுக்கி மாப்பிள்ளையின் பெரியப்பா மடியில் உட்கார்ந்துவிட்டது.

பாய் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன். "மாஸ்டர், உங்க லெட்டர் நாலு வச்சிருக்கேன். நாலையும் ஒண்ணா வச்சுப் பாத்தேன். கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு, பேரு மட்டும் மாறுது. இனிமே அனுப்புனா உங்க கையால எழுதி அனுப்புங்க. இல்லன்னா ஆளையும் அனுப்பாதீங்க" என்றார்.

எனக்கு வந்த கோபத்தை அந்தத் தம்பி மேல் காட்டலாம் என்று பார்த்தேன். அவன் போனை எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் வகுப்பில் இருந்தவர்கள் மேல் காட்டினேன்.

2. பதினாலு நாள் சரோஜா

சரியாக அந்த வாரம்தான் சரோஜா அக்கா வந்து நின்றார். என்னைவிட நாலு வயது மூத்தவர், முத்துப்பேட்டைப் பக்கம். அந்த பேட்சில் நாற்பது நாளில் அவர் வந்தது பதினாலு நாள். வராத நாளுக்குக் காரணம் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ரிஜிஸ்டரில் சிவப்பு மையில் சுழித்ததோடு சரி.

"மாஸ்டர், தஞ்சாவூர்ல பாய் கடைக்கு ஆள் கேக்குறாங்களாம். ஒரு லெட்டர் குடுங்க."

எந்தக் கடை என்று காதில் விழுந்ததும் எனக்குப் பாயின் போன்தான் நினைவுக்கு வந்தது. அதை மறைக்கக் குரலை உயர்த்தினேன். கிரீமில் ரோஜா போடத் தெரியுமா, ஃபாண்டன்ட் சர்க்கரை மாவைத் தேய்க்கத் தெரியுமா, இருபத்தாறு நாள் எங்கே போனீர்கள், இது என்ன ரேஷன் கடையா வந்து அட்டையை நீட்ட என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். பேச்சில் எனக்கு எப்போதும் சரளம் உண்டு, யோசனையில்தான் இல்லை.

அக்கா பொறுமையாகக் கேட்டார். "தாலுக்காபீசுல இருந்தேன் மாஸ்டர்" என்றார்.

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. அவர் குடும்பம் ஏக்கர் அளவில் மூன்று மா நிலம் குத்தகைக்குச் செய்கிறது. பக்கத்து வயல்களை வாங்கி இறால் குட்டை வெட்டிவிட்டார்கள். உப்பு இறங்கி இரண்டு போகமாக நாற்று கருகுகிறது. விவசாயச் சங்கத்தில் சேர்ந்து மறியல், அதன் பிறகு தாசில்தார் முன்னால் பேச்சுவார்த்தை, அது முறிந்ததும் மறுபடி மறியல். நெல் கைவிட்டால் கேக்காவது இருக்கட்டும் என்றுதான் என்னிடம் சேர்ந்திருக்கிறார். இந்த வேலை கிடைக்காவிட்டால் அறுப்புக்குப் போகவும் ஊரில் வயல் மிச்சமில்லை.

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மன்னிப்புக் கேட்கவில்லை. நாளைக்கு வாங்க என்று மட்டும் சொன்னேன்.

3. செவுரெல்லாம் வீணாப் போவுது

அன்று மதியமே போன். அந்த வட்டாரத்தில் கட்சிப் பொறுப்பில் இருந்த ஒருவர் பேசினார். பெயர் வேண்டாம். அவருடைய வண்டி நிற்கும் இடத்தில் அதிகாரிகளும் நிற்பார்கள்.

"நம்ம சரோஜாவுக்கு லெட்டர் ஒண்ணு குடுத்துருங்க மாஸ்டர்" என்றார். அதோடு விட்டிருக்கலாம். "உங்க கடை முன்னால போட்டுருக்க ஷெட்டு வாய்க்கா பொறம்போக்குல மூணு அடி இருக்குல்ல? பாத்துக்கலாம், நம்ம ஆளுதானே நீங்க" என்றும் சேர்த்தார்.

என் வீரத்தைச் சொல்ல வேண்டும். போனை வைத்ததும் முட்டைத் தட்டை ஓவனுக்குள்ளும் கேக் டின்னை ஃப்ரிட்ஜுக்குள்ளும் வைத்தேன். மூக்குக் கண்ணாடியைக் காணோம் என்று கடை முழுக்கத் தேடினேன், போட்டுக்கொண்டே. பிறகு இழுப்பறையைத் திறந்து பழைய காப்பி ஒன்றை எடுத்து, கோட்டில் 'சரோஜா' என்று நிரப்பினேன். கையால் எழுதச் சொன்னாரே பாய்? பேரைக் கையால்தானே எழுதியிருக்கிறேன் என்று எனக்கு நானே வக்கீலானேன்.

கையெழுத்துப் போடப்போகும் நேரத்தில் மறுபடி போன். அதே குரல்.

"இந்த வாரமே அனுப்பிடுங்க. அந்தப் பொம்பள ஊர்ல இருந்தா செவுரெல்லாம் வீணாப் போவுது."

எனக்குப் புரிய ஒரு டீ குடிக்கும் நேரம் ஆனது. இறால் குட்டைக்கு எதிராக முத்துப்பேட்டைச் சாலை நெடுகச் சுவரில் எழுதியிருந்தார்கள், நானே பஸ்ஸில் போகும்போது பார்த்திருக்கிறேன். கோடு போட்ட மாதிரி நீல எழுத்து. எழுதியது சரோஜா அக்கா. குட்டைக்காரர்களுக்காக அவரை ஊரைவிட்டுக் கிளப்ப வேண்டும், அதற்கு என் லெட்டர்பேடு வேண்டும். இத்தனை வருடம் பொய்க் கடிதம் கொடுத்தபோது வராத ரோஷம் அன்றைக்கு வந்தது. என் பொய்யை நான் சொல்லலாம், இன்னொருவன் எப்படி எனக்குப் பொய் எடுத்துக் கொடுக்கலாம்? அந்தக் காப்பியைக் கிழித்தேன்.

4. இடம் பிடித்தல்

மறுநாள் அக்காவிடம் போன் விஷயத்தைச் சொன்னேன். அதிர்ந்துபோவார் என்று எதிர்பார்த்தேன்.

"தெரியும் மாஸ்டர். என் வீட்டு வாசல்லயே வந்து சொல்லிட்டுத்தான் போனாரு, வேலை வாங்கித் தரேன் போயிடுன்னு. நான் அவர்ட்ட கேக்கல. ஒங்ககிட்டதான் கேட்டேன்."

"அப்ப போயிட்டா செவுரு?"

"வாரத்துல ஒரு நாள் லீவு குடுப்பாங்கல்ல?"

என் பயத்துக்கு ஆறுதலாக ஒரு வார்த்தைகூட அவரிடம் இல்லை. கோபத்தோடு ஒரு கிலோ கேக்கை டர்ன்டேபிள் என்னும் சுழல் தட்டில் வைத்தேன். ரோஜா போடச் சொன்னேன். முட்டைக்கோஸ் வந்தது. இன்னொன்று போட்டார், அது வெயிலில் கிடந்த முட்டைக்கோஸ். ஓரத்தில் சிப்பி சிப்பியாக ஓடும் ஷெல் பார்டர் மட்டும் சுமாராக வந்தது.

சரி, எழுத்தாவது பார்ப்போம் என்று 'இனிய பிறந்தநாள் வாழ்த்துகள் ஞானசௌந்தரி' என்று எழுதச் சொன்னேன். வேண்டுமென்றேதான் சொன்னேன். தமிழில் எழுதச் சொன்னால் பேக்கரிக்காரர்கள் பல்லைக் கடிப்பார்கள். கிரீம் அடைத்த கோனில் சுழி சுற்றுவதற்குள் கிரீம் ஒட்டிக்கொள்ளும், பேர் நீண்டால் இடம் போதாது. என் கையால் வீட்டுக்குப் போன ஞானசௌந்தரிகள் எல்லோரும் 'ஞானசௌந்த'வாகத்தான் போயிருக்கிறார்கள். 'ரி' கேக்கின் பக்கவாட்டில் இறங்கிவிடும்.

அக்கா கோனை வாங்கினார். எழுதவில்லை. கேக்கின் நாலு மூலையிலும் நாலு கோணக் குறி வைத்தார். மேலே ஓரமாகப் பொடி எழுத்தில் 'ரிசர்வ்' என்று எழுதினார்.

"என்னக்கா இது?"

"பழக்கம் மாஸ்டர். செவுத்துல எடம் புடிக்காம எழுதுனா அடுத்த கட்சிக்காரன் வந்து சுண்ணாம்பு அடிச்சிருவான்" என்று சொல்லிவிட்டு, விரலால் அதை வழித்து வாயில் போட்டுக்கொண்டார்.

பிறகு எழுத்தை எண்ணினார். நடு எழுத்தை முதலில் போட்டார். அங்கிருந்து இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று நகர்ந்தார். சுவரில் அப்படித்தானாம், முதலிலிருந்து தொடங்கினால் கடைசி எழுத்து சன்னலில் போய் முட்டும். கடைசியாக 'ரி' வந்தபோது அதற்குரிய இடம் அளவெடுத்த மாதிரி காத்திருந்தது. பதினெட்டு வருடமாக நான் எழுத முடியாத பெயர்.

பாராட்டவில்லை. எரிச்சலோடு பேனாவை எடுத்துக் கையாலேயே எழுதினேன்:

'பாய் அவர்களுக்கு. இவர் நாற்பது நாளில் பதினாலு நாள்தான் வந்தார். ரோஜா வராது. ஃபாண்டன்ட் கையில் கொடுக்க வேண்டாம். தமிழில் பெயர் எழுதுவதில் என்னைவிடக் கெட்டிக்காரர். எழுதச் சொல்லிப் பாருங்கள்.'

அக்கா படித்தார். முகம் சிவந்தது. "ரோஜா வராதுன்னு எழுதணுமா?"

"வரலையே அக்கா."

"இதுக்கு முன்னாடி போனவங்களுக்கெல்லாம் வந்துச்சா?"

நான் டர்ன்டேபிளைத் துடைத்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது. அவர் கடிதத்தை நாலாக மடித்து, நன்றி சொல்லாமல் படி இறங்கிப் போனார்.

5. பிறகு

நாலு நாள் கழித்துப் பாய் போன் செய்தார். "ஒங்க லெட்டர்ல மொத தடவயா ஒரு கொறை பாத்தேன் மாஸ்டர். அதான் மத்தத நம்புனேன், வேலைக்கும் சேத்துக்கிட்டேன்" என்றார். அதைப் பாராட்டென்று எடுத்துக்கொள்ள முயன்று தோற்றேன்.

இரண்டாவது மாதம் முத்துப்பேட்டைச் சாலையில் புது எழுத்து வந்தது. அதே நீலம். இந்தத் தடவை எழுத்தைச் சுற்றி அழகாக ஷெல் பார்டர் ஓடியது. அந்தக் கட்சிக்காரர் போனில் கேட்டார், நான் எதிர்பார்த்ததைவிட மெதுவான குரலில். "தஞ்சாவூர் அனுப்பியும் எழுத்து வருதே மாஸ்டர். பூ வேலையெல்லாம் வேற?" ஷெல் பார்டரை அந்தப் பக்கத்தில் சொல்லிக்கொடுப்பவன் நான் ஒருவன்தான். "அது மட்டும்தாங்க அவங்களுக்கு ஒழுங்கா வந்துச்சு" என்று உளறினேன்.

பதினைந்தாம் நாள் சர்வேயர் சங்கிலியோடு வந்தார். ஷெட்டில் மூன்று அடி போயிற்று. அதே வாய்க்கால் ஓரம் வரிசையாக இருந்த மற்ற ஷெட்டுகள் அப்படியே நின்றன. அந்தக் கோபம் இன்றும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம். மிச்சமிருந்த நாற்பத்தைந்து காப்பியையும் அன்றைக்கு ஓவனில் போட்டேன். புதிதாக வகுப்பு எடுக்க வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது அவ்வளவுதான்: படித்தவருக்குத் தெரியாததை முதல் வரியில் எழுதுங்கள். யாருக்காக எழுதுகிறீர்களோ அவர் கோபித்துக்கொள்வார், யார் எழுதச் சொன்னாரோ அவரும் கோபித்துக்கொள்வார். அப்போதுதான் அது சிபாரிசு.

ஷெட்டில் மூன்று அடியை இடித்ததில், அது மறைத்திருந்த கடையின் பக்கச் சுவர் ரோட்டுக்குத் தெரிய வந்தது. பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தபோது பார்த்தேன். நாலு மூலையிலும் நாலு நீலக் கோணக் குறி. மேலே ஓரமாக, பொடி எழுத்தில் 'ரிசர்வ்'.

வெள்ளையடிப்பவர் வாளியோடு நின்றார்.

"அந்தச் செவுத்த மட்டும் விட்டுருங்க" என்றேன். "ஏற்கெனவே எடம் புடிச்சாச்சு."