மாலை இறக்கும் நாள்

என் அம்மா உயிரோடு இருந்துகொண்டே பல வீடுகளில் செத்துப்போயிருந்தாள். கதாநாயகனின் தாயாக, வக்கீலின் மனைவியாக, ஒரு படத்தில் நாலு வில்லன்களுக்கு அக்காவாக. எல்லாம் ஒரே தயாரிப்பாளரின் படங்கள். எல்லாவற்றிலும் ஒரே போட்டோ. சுவரில் மாலையோடு, முன்னால் ஒரு சின்னச் சிவப்பு பல்பு எரிய.

அந்தப் போட்டோ எடுத்தபோது அம்மாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. படப்பிடிப்புகளில் துணி துவைத்து இஸ்திரி போடும் வேலை. தயாரிப்பாளருக்கு அது முதல் படம். கதையில் சின்ன வயதிலேயே இறந்த தாயின் படத்தைச் சுவரில் மாட்ட வேண்டும். அதற்காக வரச் சொல்லியிருந்த பெண் வரவில்லை. செத்தவளாகச் சுவரில் தொங்க வேறு யாருக்கும் மனம் வரவில்லை. அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "நான் நிக்கறேன் மொதலாளி" என்றாளாம்.

சினிமாவில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவர், தோஷம் ஒட்டாமலிருக்க, எழுந்ததும் கேமராவைப் பார்த்து ஒரு முறை சிரிக்க வேண்டும். அதையும் படம் பிடித்துவிடுவார்கள். போட்டோவுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. அதனால் தயாரிப்பாளர் தானே ஒரு முறையை உண்டாக்கிக்கொண்டார். காட்சி முடிந்ததும் அம்மாவை அந்தச் சுவருக்குக் கீழே உட்காரவைத்து, இலை போட்டு, அவரே பரிமாறினார். சாப்பிட்டு முடித்து அவள் போட்டோவை நிமிர்ந்து பார்த்துச் சிரிக்க வேண்டும். அப்புறம்தான் மாலையை இறக்கினார். உதவிக்கு வந்தவர்களைத் தள்ளி நிற்கச் சொன்னாராம். "மாட்டுனது நானு. நான்தான் எறக்கணும்."

படம் ஓடியது. முதல் படத்தில் எதெல்லாம் இருந்ததோ அதெல்லாம் அடுத்த படத்திலும் வேண்டும் என்றார். பூஜைக்குத் தேங்காய் வாங்கிய கடை மூடிப்போனது, பாட்டு எழுதியவர் கோபித்துக்கொண்டு போனார், கதாநாயகி வெளிநாடு போனாள். ஒவ்வொன்றாகக் கழன்று கடைசியில் போட்டோ மட்டும் மிஞ்சியது.

அவருடைய ஏற்ற இறக்கம் எல்லாம் எனக்கு, ஒவ்வொரு படத்திலும் மாலை இறக்கும் நாளன்று அம்மாவைக் கூட்டிப்போக வந்த வண்டிகளால்தான் தெரியும். எனக்கு நினைவு தெரிந்தபோது அம்பாசிடர். பிறகு, எங்கள் சைதாப்பேட்டைச் சந்துக்குள் நுழையவே முடியாத ஒரு நீளமான வெள்ளைக் கார். தெருமுனையில் நிற்கும் அதை நோக்கி அம்மா தலை நிறையப் பூவோடு நடந்து போவாள். தி.நகரில் அவர் மாடி வீடு கட்டியது அப்போதுதான். பிறகு மறுபடி பழைய கார். கடைசியில் ஆட்டோ.

பள்ளிக்கூடத்தில் என்னை விடமாட்டார்கள். "உங்கம்மாதான் செத்துட்டாங்களே, சோறு யாருடி கட்டுனது?" என்று டிபன் பாக்ஸைத் திறந்து மோந்து பார்ப்பாள் ஒருத்தி. "பேய் சோறுடி, துன்னாத!" என்பாள் இன்னொருத்தி. நான் சாப்பிட்டேன். படித்தேன். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். எந்தச் சபையிலும் நிமிர்ந்து சொல்வேன். இன்று அடையாறில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்தது நான்தான்.

நான் கல்லூரியில் படித்தபோது கடைசியாக ஆட்டோ வந்தது. போட்டோவை முந்தின நாளே மாலையோடு மாட்டிவிட்டிருந்தார்கள். அம்மா போனபோது தளத்துக்குப் பூட்டுப் போட்டிருந்தது. ஏதோ தகராறில் படப்பிடிப்பு நின்றுவிட்டது, மொதலாளியைக் காணோம் என்றார்கள். பூட்டிய கதவுக்கு முன்னால் பொழுது சாயும்வரை நின்றிருக்கிறாள். வீட்டுக்கு வந்தவள் சோற்றைத் தொடவில்லை.

"உள்ள கீறன்டி. மாலையோட" என்றாள்.

அந்தப் படம் வெளிவரவே இல்லை. அவர் தி.நகர் வீட்டை விற்றுவிட்டு மயிலாப்பூரில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டோம். அம்மாவும் போட்டோவைப் பற்றிப் பேசுவதை விட்டாள். மறந்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

சென்ற வருடம் அம்மாவுக்கு இதய வால்வில் அறுவை சிகிச்சை என்று முடிவாயிற்று. ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள், எங்கள் பக்கத்து வீட்டு அக்கா செல்போனை நீட்டிக்கொண்டே வார்டுக்குள் வந்தார்.

"யக்கா, நீ சீரியல்ல செத்துகினு கீறக்கா!"

ஒரு மருமகள் சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். சுவரில் அம்மா, மாலையோடு. அக்கா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. போனை வாங்கி மடியில் கவிழ்த்து வைத்தாள்.

அன்று சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டாள். டாக்டர் சொன்னார், நர்ஸ் சொன்னார், நான் கத்தினேன்.

"மாலைய எறக்காம எம்மேல கத்தி வெக்க உடாத. மொதலாளி கையால எறக்கணும். இல்லன்னா இட்டுனு போ வூட்டுக்கு."

தள்ளிப்போட முடியாது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். சீரியல் கம்பெனிக்கு போன் செய்தேன். சுவரில் மாட்டும் சாமான் எல்லாம் வாடகைதான் என்று சொல்லி, தி.நகரில் சந்து ஒன்றிலிருந்த ஒரு கிடங்கின் விலாசம் கொடுத்தார்கள். அடுத்து மயிலாப்பூர்.

அவருடைய மகன் கதவைத் திறந்தார். "அப்பாவுக்கு ஞாபகம் வரும், போகும்" என்றார். உள்ளே அவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"வந்துட்டியா? சாப்பிட்டியா?"

"நான் அவங்க பொண்ணு சார்."

"பொய் சொல்லாத. அதே மூஞ்சி."

விஷயத்தைச் சொன்னேன். தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டார். "எறக்கலையா? இன்னும் எறக்கலையா?" என்றார். பிறகு, மகனுக்குக் கேட்காத குரலில், "கண்ண மூடுனா அந்த பல்பு எரியுதும்மா. யாரு அணைச்சாங்கன்னே தெரியல. அதுக்கப்புறம் எனக்கு ஒரு படமும் எழுந்திரிக்கல" என்றார். செருப்பை அவரே தேடி மாட்டிக்கொண்டார். இந்த முறை வண்டி நான் கூப்பிட்ட கால் டாக்சி.

கிடங்கில் ஓடாத கடிகாரங்கள், தொட்டில்கள், சக்கர நாற்காலிகள், எந்த வீட்டுக்கும் போகாத கதவுகள். கிடங்குக்கார பாய் என்னைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார்.

"யா அல்லா! நீ உயிரோட கீறியாம்மா?"

"அது எங்கம்மா."

"அப்ப அவங்க?"

"அவங்களும் கீறாங்க." 'கீறாங்க' என்ற அந்தச் சந்துப் பேச்சு என் வாயில் வந்து பல வருடம் இருக்கும்.

"தோபா, தோபா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பூட்டிக் கெடந்த தளத்துச் சாமானோட ஏலத்துல எடுத்தது. ராசியான போட்டோம்மா. சீரியல்காரங்க வந்தா இத்ததான் கேப்பாங்க. பாத்தாலே அழுக நல்லா வருதாம்."

மாலை பிளாஸ்டிக். யாரும் கழற்றக் கூடாது என்று சட்டத்தின் பின்னால் கட்டுக்கம்பியால் முறுக்கியிருந்தார்கள். எத்தனை வீடுகளில் மாட்டினார்களோ, ஒரு இடத்திலும் இறக்கவில்லை. பாய் கட்டிங் பிளேயர் கொண்டுவந்தார். தயாரிப்பாளர் வாங்கவில்லை. துருப்பிடித்த கம்பியை நகத்தாலேயே பிரித்தார். நாங்கள் இருவரும் நின்று பார்த்தோம். கடைசியில் மாலையை இறக்கினார்.

இறக்கிய பிறகும் அது அங்கே இருந்தது. படம் முழுக்க வெளிறியிருக்க, மாலை மூடியிருந்த இடம் மட்டும் வெளிறாமல், கழுத்திலிருந்து மார்பு வரை அதே வளைவில் கறுப்பாகத் தெரிந்தது. அவர் சட்டை முனையால் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

"போவலையே" என்றார் என்னைப் பார்த்து.

வெளிச்சம் பட்டால் படத்தின் நிறம் மங்கும், படாத இடம் மங்காது. இதை நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

"இலை போடு" என்றார். இலைக்கு எங்கே போவது? பாய் தன் டிபன் பாக்ஸைத் திறந்து மூடியில் சோறும் கத்தரிக்காயும் வைத்துக் கொடுத்தார். தயாரிப்பாளர் அதை வாங்கிப் போட்டோவுக்குக் கீழே வைத்து, "உக்காரும்மா" என்றார். அவருக்கு நான் யார் என்று அந்த நிமிடம் தெரிந்திருந்ததா, தெரியாது. உட்கார்ந்தேன். முழுவதும் சாப்பிட்டேன். நிமிர்ந்து பார்த்துச் சிரித்தேன். போட்டோவின் கண்ணாடியில் என் முகம் அம்மாவின் முகத்தின்மேல் இம்மி பிசகாமல் விழுந்தது. அந்தக் கறுப்பு மாலை என் கழுத்தில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து எனக்காகக் காத்திருந்தாள்.

"எறக்குனாரா?"

"எறக்கிட்டாரும்மா. அவர் கையாலயே."

"யாரு சாப்ட்டது?"

"நான்தான்."

நிம்மதி அடைவாள் என்று நினைத்தேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"நீ ஏண்டி ஒக்காந்த? ஒன்ன யாரு ஒக்கார சொன்னது? இன்னாத்துக்குடி படிச்ச நீ?"

"நீ இங்க இருக்க. வேற யாரு உக்காருவாங்க?"

என் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். அந்தக் கறையைப் பற்றி நான் அவளிடம் சொல்லவே இல்லை. "குடு அந்த பேப்பர" என்றாள். "நான் பொழச்சி வந்து என் எடத்துல நானே ஒக்காருவேன். நீ எந்திரி அங்கேர்ந்து."

நான் சொல்லிக்கொடுத்த எழுத்துகளில், ஒவ்வொன்றாக அழுத்தி, கையெழுத்துப் போட்டாள்.

பிழைத்து வந்தாள். பாயிடமிருந்து வாங்கி வந்த போட்டோவை வீட்டில் சுவரோரமாகச் சாய்த்து வைத்து, அதன் கீழே உட்கார்ந்து, நான் பரிமாற, பத்தியச் சாப்பாட்டைச் சாப்பிட்டாள். கறையையே கொஞ்ச நேரம் பார்த்திருந்தாள். பிறகு சிரித்தாள். இப்போதும் சில ராத்திரிகளில் என் கை தானாகக் கழுத்துக்குப் போய்விடுகிறது. அம்மாவிடம் காட்டிக்கொள்வதில்லை.

அவள் நன்றாக நடமாடத் தொடங்கியபோது தயாரிப்பாளர் இறந்துபோனார். காரியத்துக்கு மயிலாப்பூர் போனோம். கூடத்துச் சுவரில் அவர், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு. மாலை, சிவப்பு பல்பு. பந்தியில் எத்தனையோ இடம் இருந்தும், அம்மா அந்தச் சுவருக்கு நேர் கீழே போய் உட்கார்ந்தாள். இலையில் ஒன்றும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். நிமிர்ந்து அவரைப் பார்த்துச் சிரித்தாள். எதிர் வரிசையில் இருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

கை கழுவி வந்தவள் போட்டோவுக்குப் பக்கத்தில் நின்று, இரண்டு கைகளையும் மாலைக்கு உயர்த்தினாள்.

"என்னம்மா வேணும்?" என்றார் மகன்.

அம்மாவின் கைகள் மாலையிலேயே இருந்தன.

"ஒன்னுமில்ல தம்பி" என்றாள். ஒரு பக்கம் இறங்கியிருந்த மாலையை நேராக்கிவிட்டு, கைகளை எடுத்துக்கொண்டாள்.