வைகாசி வரை

மேரியின் படத்துக்கு முன்னால் எரிந்த மெழுகுதிரியை இன்று காலை ஊதி அணைத்தபோது, அந்தப் புகையில் எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டமான சேமக்காலையின் மணம் வந்தது. மேரி என் மனைவி. தை மாதம் காலமானாள். இங்கே கனடாவில், மொன்றியலில், நிலம் உறைந்து கிடப்பதால் பெட்டியை மயானத்துக் குளிர் அறையில் வைத்திருக்கிறார்கள், வைகாசியில்தான் அடக்கம். எண்பத்திரண்டு வயதில் அதுவரை இருப்பேனா என்று கலண்டரைப் பார்த்துப் பார்த்துப் பதறுகிறேன்.

சின்ன வயதில், ஆத்துமாக்கள் திருநாளுக்கு முதல்நாள் பின்னேரம், கடலோரத்துச் சேமக்காலையில், தங்கச்சியைப் புதைத்த எங்கள் குடும்பக் கல்லறைக்கு ஐயா சுண்ணாம்பு பூச, அம்மா சிரட்டைகளில் மெழுகுதிரிகளை நட்டு ஏற்ற, உப்புக்காற்று அணைக்க, அம்மா சலிக்காமல் மறுபடி ஏற்ற, நான் எத்தனை அணைந்தன என்று எண்ணிக்கொண்டு சூடு ஆறாத மணலில் இருப்பேன்.

"இதுக்குள்ளைதானே உங்களையும் வைப்பினம். உந்தக் குறட்டையோடை ஆண்டவர் வாறமட்டும் நான் எப்பிடிப் படுக்கிறது?" என்பார் அம்மா.

"நல்லதுதானே. அவர் கூப்பிடேக்கை நீர் முழிச்சிருப்பீர்," என்பார் ஐயா.

அவர்கள் சாவைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. போர் முடிந்தபின் நான் ஊருக்குப் போய்த் தேடியபோது அங்கே சேமக்காலை மதிலும் இல்லை, சிலுவையும் இல்லை, வெறும் மணல்.

மத்தியானம் மகள் தொலைபேசியில் எடுத்தாள். "வைகாசிக்கு இன்னும் எட்டுக் கிழமைதானே அப்பா, பொறுங்கோ."

"அதுக்குள்ளை நான் போனால்?"

மறுமுனையில் அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"அழாதை பிள்ளை. அம்மா இருக்கிற அறையிலையே என்னையும் விடு. நிலம் இளகுமட்டும் ரெண்டுபேருமாப் பொறுத்திருப்பம்."